நடுரோட்டில் வந்த சலாம்

கார் ரவூப் நானாவின் வயிற்றுக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியே போனது.

வெள்ளைக் கார். வேகத்தைக் குறைக்கவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை. ஓட்டுகிற இடத்தில் ஆளே இல்லை. “யா அல்லாஹ்!” என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்த சீன மாது பந்தைக் கீழே போட்டுவிட்டாராம். பிறகுதான் சொன்னார்கள். அந்த நேரத்தில் நானாவுக்கு எதுவும் கேட்கவில்லை. மௌத்தாகிவிட்டோம் என்றே நினைத்தார். ஒரு வலியும் இல்லாமல் முடிந்துவிட்டதே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

“அங்கிள், ஒண்ணும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன். கழட்டுறேன், அசையாதீங்க.”

கண்ணை மூடி, அந்தச் சாலையைக் காட்டிக்கொண்டிருந்த கனமான கருவியை யாரோ தூக்கினார்கள். சாலை போய், மருத்துவமனையின் வெள்ளைச் சுவர் வந்தது. அவர் நடந்தால் ஓடும், நின்றால் நிற்கும் ஒரு பட்டையின்மேல் நின்றுகொண்டிருந்தார். விழாமலிருக்கக் கூரையிலிருந்து இரண்டு வார்கள் இறங்கி அவருடைய அக்குளைப் பிடித்திருந்தன. எதிரே உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் கவிப்ரியா. மூலை நாற்காலியில் மகள் முனீரா, மடியில் வைத்திருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி.

நானாவின் வலது கை இன்னும் நெஞ்சின்மேல் இருந்தது. அதை யார் அங்கே வைத்தது என்று அவருக்கே புரியவில்லை.

“எந்தப் பய அவன், இந்தக் கருவிக்குள்ள? நடுரோட்டுல நிக்கிறவனுக்குச் சலாம் சொல்றான்?” என்று சிரிக்கப் பார்த்தார்.

கவிப்ரியா சிரிக்கவில்லை. “அங்கிள், நீங்க நிக்கல. நடந்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. அவன் சலாம் சொன்ன பிறகுதான் நின்னீங்க.”

ரவூப் நானாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து சில வருடங்களாகிவிட்டன. முதலில் வலது கட்டைவிரல் ஆடியது. பிறகு சட்டைப் பொத்தான் போடக் கூடுதல் நேரம் பிடித்தது. பிறகு கால். நன்றாக நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று பாதத்தைத் தார் பிடித்துக்கொண்டதுபோல் நின்றுவிடும். உடம்பு முன்னே போகும், கால் பின்னே நிற்கும். போன மாதம் ஜாலான் புசார் சாலையைக் கடக்கும்போது அப்படித்தான் விழுந்து, நெற்றியில் தையல் போட்டார்கள்.

இதில் ஒரு மர்மம் இருந்தது. வீட்டுக் கூடத்தில் நன்றாக நடப்பார். டாக்டர் முன்னால் இன்னும் நன்றாக நடப்பார். “வெரி குட், மிஸ்டர் ரவூப்” என்று டாக்டர் கைதட்டாத குறை. வெளியே போனால்தான் விழுவார். அவர் முதலில் செருப்பைச் சந்தேகப்பட்டார். செருப்பை மாற்றி ஷூ, ஷூவை மாற்றி வேறு ஷூ. பிறகு சாலையோரத்துக் கல் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று நகர மன்றத்துக்குப் புகார் கொடுத்தார். அங்கிருந்து ஒருவர் வந்து, குனிந்து, அளந்து, படம் எடுத்து, கல் சரியாகத்தான் இருக்கிறது என்று பணிவாகப் பதில் எழுதினார்.

முனீராவுக்குப் பொறுமை போய்விட்டது. “இனிமே தனியா வெளிய போறது இல்ல, வாப்பா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நான் ஆள் ஏற்பாடு பண்றேன். கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவாங்க.”

“கையைப் புடிச்சா? டன்லப் தெருவுலயா? என்னையா?”

அந்த மூன்று கேள்வியில் மூன்றாவதுதான் முக்கியம். நாகூரிலிருந்து கப்பலேறி வந்தவருக்கு இந்த ஊரில் பிறந்தவர் ரவூப். ராணுவத்தில் கட்டாயத் தேசிய சேவை, ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் வேன் ஓட்டம், அதன் பிறகு லிட்டில் இந்தியாவில் சொந்தமாகக் கைத்தொலைபேசிக் கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கடை வாசலைப் பார்த்திருக்க வேண்டும். ஊரிலிருந்து முதல் தடவை வந்து இறங்கிய ஊழியர்கள் சிம் கார்டு வாங்க வரிசையில் நிற்பார்கள். நானா ஒரு தோளில் போனை இடுக்கி ஒருத்தனுடைய அம்மாவிடம் “மவன் பத்திரமா வந்துட்டான்மா” என்று சொல்லிக்கொண்டே, இன்னொருத்தனுக்குக் கார்டு மாட்டிக் கொடுத்து, மூன்றாமவன் நீட்டிய டாலரை வாங்கிப் போடுவார். அதற்கு நடுவில் வாசலில் யாராவது சலாம் சொன்னால் அத்தனையையும் ஒரு நொடி நிறுத்துவார். முகத்தைத் திருப்பி, வலது கையை நெஞ்சில் வைத்து, “வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு” என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தொடங்குவார். பாதிப் பதில் சொல்லி அனுப்புகிற பழக்கம் அவரிடம் கிடையாது. வணக்கம் என்றவருக்கும் அதே நிறுத்தம், அதே திரும்பல். கடையை விற்ற பிறகும் அந்தத் தெருக்களில் அவருக்கு மரியாதை குறையவில்லை. இருநூறு அடி நடப்பதற்குள் ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதா?

கடைசியில் ஓர் உடன்பாடு. இந்தப் புதுச் சிகிச்சைக்கு நானா ஒழுங்காக வர வேண்டும். கவிப்ரியா பார்த்துவிட்டு, தனியாகப் போகலாம் என்றால் முனீரா தடுக்க மாட்டாள். போகக் கூடாது என்றால் நானா மறுபேச்சுப் பேசக் கூடாது.

அதனால்தான் முதல் நாளே கார் மோதியதில் அவருக்கு அவ்வளவு அதிர்ச்சி.

கவிப்ரியா கணினியைத் திருப்பிக் காட்டினாள். நானாவின் ஒவ்வோர் அடியும் அதில் கோடு கோடாக விழுந்திருந்தது. “இங்க பாருங்க. சும்மா நடக்குறீங்க, நல்லா இருக்கு. நூத்துலருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னேன், ஸ்பீடு குறைஞ்சுது, ஆனா நிக்கல. இங்கதான் சலாம். போன வாரம் ஒரு மலாய் அங்கிளுக்காகப் பதிவு செஞ்ச குரல் அது, உங்களுக்கும் போட்டுப் பார்ப்போமேன்னு போட்டேன். அதுக்கப்புறம் கோடே இல்ல.”

உண்மையில் கோடே இல்லை. வெறும் வெள்ளை.

“முன்னெல்லாம் கால் தானா நடந்துச்சு. நீங்க நினைக்கவே வேணாம். இப்ப ஒவ்வோர் அடிக்கும் மூளை கூடவே நிக்கணும். யாராவது கூப்பிட்டா மூளை அந்தப் பக்கம் போயிடுது. கால் அனாதையா நிக்குது. ஒரே நேரத்துல ரெண்டு வேலை. அதைத்தான் நாம மறுபடி பழகணும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: “அங்கிள், போன மாசம் விழுந்தீங்களே, அப்ப யாராவது உங்கள்ட்ட பேசினாங்களா?”

“இல்லையே” என்றார் உடனே. சொல்லி வாய் மூடவில்லை, காட்சி வந்துவிட்டது. பச்சை விளக்கு. பாதிச் சாலை. எதிர்ப்பக்கம் டன்லப் தெரு முனையில் தேநீர்க் கடை. ஜாஃபர் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நானா! அஸ்ஸலாமு அலைக்கும்!”

அவருடைய கை நெஞ்சுக்குப் போயிருக்கிறது. அதனால்தான் விழும்போது தரையில் ஊன்றக் கை இல்லை. நெற்றி முதலில் போய் அடித்தது.

அதற்கு முன்னால் விழுந்தது? மீன் வாங்கிக்கொண்டு வரும்போது, யாரோ பின்னாலிருந்து, “நல்லா இருக்கீங்களா நானா?”

செருப்பு இல்லை. கல் இல்லை. ஆயுள் முழுக்க எதைப் பெருமையாக நினைத்தாரோ அது அவரை நடுச்சாலையில் பிடித்து நிறுத்தியிருக்கிறது. முனீராவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கணினியில் அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வாரா வாரம் போனார். கவிப்ரியா அவருக்கென்றே ஒரு தெருவைச் செய்து வைத்திருந்தாள். கடைகள், சைக்கிள்கள், பச்சை விளக்கு. தெருவில் வருகிறவன் போகிறவன் எல்லாம் சலாம் சொன்னான். எல்லாருக்கும் ஒரே முகம்.

“ஏம்மா, இவனுங்கள்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்களா?”

“பட்ஜெட் அவ்வளவுதான் லா, அங்கிள். காலைப் பாருங்க. குதிகால் முதல்ல. பதில் சொல்லுங்க, ஆனா திரும்பாதீங்க. கை நெஞ்சுக்குப் போக வேணாம்.”

“கை போகாம சொன்னா அது என்ன பதிலு?”

“உயிரோட இருக்கிற பதிலு.”

கால் மெதுவாக வழிக்கு வந்தது. முதலில் சலாம் வந்ததும் நின்றார். பிறகு தடுமாறினார். பிறகு ஒருநாள், முதல் தடவையாக, பதிலைச் சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஏறிவிட்டார். ஆளில்லாத வெள்ளைக் கார் பின்னால் போனது. வார்களில் தொங்கிக்கொண்டே அவர் கத்தினார்: “போடா, போ!”

“இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தனியா போய்ப் பாருங்க” என்றாள் கவிப்ரியா. முனீரா தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டை, கோடு போட்ட கைலி, தொப்பியோடு நானா அடுக்குமாடியிலிருந்து இறங்கினார். சாலை முனையில், கடக்கக் கூடுதல் நேரம் தரும் மூத்தோர் அட்டையை விளக்குக் கம்பத்தில் தட்டினார். விளக்கில் பச்சை மனிதன் வந்தான், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றான். குதிகால், விரல். குதிகால், விரல். எதிரே ஜாஃபர் கடை. இதோ கூப்பிடுவான். பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஜாஃபர் அவரைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு குனிந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த குவளையை மறுபடி கழுவத் தொடங்கினான்.

பிஸியாக இருக்கிறான்போல என்று நினைத்து நானா தெருவுக்குள் போனார். பூக்கடை பாப்பாத்தி அவரைக் கண்டால் சும்மா விட மாட்டாள். “என்னா நானா, ரோசா வேணுமா? யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். இன்று அவள் மல்லிகைச் சரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முடி திருத்துகிறவர் கதவைச் சாத்தினார். எதிரே வந்த இரண்டு ஊழியர்கள், அவர் கையால் முதல் சிம் கார்டு வாங்கினவர்கள், அவரைப் பார்த்ததும் போனை எடுத்து வெறும் திரையை உற்றுப் பார்த்தபடி கடந்து போனார்கள்.

ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருவரும்.

நானாவின் முதுகில் குளிர் ஏறியது. நல்ல வெயில், ஆனாலும் குளிர். நான் இங்கேதானே நடக்கிறேன்? கடைக் கண்ணாடியில் பார்த்தார். தொப்பி தெரிந்தது, வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஒருவேளை அன்றைக்கு அந்தக் கார் நிஜமாகவே அடித்துவிட்டதோ? அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கருவிக்குள்தான் நடக்கிறதோ? கையை நீட்டிப் பள்ளிவாசல் சுவரைத் தொட்டார். சுவர் சுட்டது. அப்பாடா என்று இருந்தது.

தொழுகையில் மனம் நிற்கவில்லை. முடிந்து வெளியே வரும்போதும் தெரிந்தவர்கள் கண்ணைத் தாழ்த்தி விலகிப் போனார்கள். நானா நேரே தேநீர்க் கடைக்குப் போய், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஜாஃபரு. நான் யாருக்கு என்ன துரோகம் பண்ணிட்டேன்?”

ஜாஃபர் இன்னொரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். “முதல்ல உக்காருங்க.”

“சொல்லுடா.”

“நீங்க உக்காராம நான் பேச மாட்டேன் நானா. பேசக் கூடாது.”

அவர் உட்கார்ந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். “முனீராதான் வந்துச்சு. ஒவ்வொரு கடையா ஏறி இறங்குச்சு. வாப்பா நடக்கும்போது யாரும் கூப்பிடாதீங்க, சலாம் சொல்லாதீங்க, வணக்கம் சொல்லாதீங்க, நீங்க பேசினா அவங்க விழுந்துருவாங்கன்னு. கும்பிட்டுக் கேட்டுச்சு நானா. எங்களால என்ன சொல்ல முடியும்?” குவளையைத் துடைத்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அன்னிக்கி உங்க மண்டை உடைஞ்சது என் சலாத்தாலதானாமே. தெரியாமப் போச்சே எனக்கு. நான்தானே ஓடி வந்து தூக்கினேன். தள்ளினவனே தூக்கியிருக்கேன்.”

தேநீர் வந்தது. நானா குடிக்காமல் எழுந்து போனார்.

முனீரா வேலையிலிருந்து திரும்பும்போது அவர் விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பத்திரமா போயிட்டு வந்தீங்களா வாப்பா?” என்று சிரித்த முகத்தோடு கேட்டாள்.

“பத்திரமாத்தான் வந்தேன். செத்த மையத்துக்கு என்ன ஆபத்து வரப் போவுது?”

அவள் பை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

“மையத்துக்குத்தான் யாரும் போற வழியில நின்னு நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டாங்க. நீ என்னைக் காப்பாத்தல முனீரா. தெருவுக்கே சொல்லி என்னை அடக்கம் பண்ணிட்ட.”

“நீங்க விழுந்தப்ப போன் எனக்குத்தான் வாப்பா வந்துச்சு” என்றாள் அவள். குரல் ஏறவில்லை. “யாரோ தெரியாத ஆள். ‘உங்க அப்பாவா? ரோட்டுல கிடக்குறாரு, மூச்சு இருக்கு’ன்னான். மூச்சு இருக்குன்னு ஒருத்தன் எனக்குச் சொல்றான். உம்மா போனப்பகூட எனக்கு அப்படி ஒரு போன் வரல. இன்னொரு தடவை வந்தா என்னால தாங்க முடியாது. அதனாலதான் போய்க் கேட்டேன். மறுபடி கேக்கச் சொன்னாலும் கேப்பேன்.”

மகள் ஒவ்வொரு கடை வாசலிலும் கும்பிட்டுக்கொண்டு நின்றதை நானா அப்போதுதான் மனக்கண்ணில் பார்த்தார். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் இதைக் கேட்டதும் கவிப்ரியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “முழுத் தெருவுக்குமா? அக்கா, யாருமே பேசாத ரோட்டுல நடக்கணும்னா அங்கிள் இங்க வரவே வேணாமே. அது முதல் நாளே அவருக்கு நல்லா வந்துச்சு.”

“அப்ப சலாம் வந்தா விழுந்துருவாருன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பழகாட்டி விழுவாருன்னு சொன்னேன். இப்ப பழகியிருக்காரு. ஆனா இங்க வார் புடிச்சுக்கும், அங்க புடிக்காது. அதையும் நான் மறைக்கல. நூறு சதவிகிதம்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க.”

பெண்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, நானா கருவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா,” என்றார் மெதுவாக. “இதுக்குள்ள எல்லாப் பயலும் எனக்குச் சலாம் சொல்றான். நான் முந்திச் சொன்னா பதில் சொல்லுவானா?”

கவிப்ரியா விழித்தாள். “அப்படிச் செட் பண்ணல அங்கிள். ஏன்?”

“நடந்து போறவன்தான் உக்காந்திருக்கிறவனுக்கு முதல்ல சொல்லணும். சின்ன வயசுல ஓதிக் கொடுத்தது. முந்திச் சொல்றவனுக்குத்தான் நன்மை கூட. நான் என்ன பண்ணேன்? கடை வச்ச நாள்லருந்து பெரிய மனுஷனாட்டம் வாங்கிக்கிட்டே இருந்துட்டேன். முந்திச் சொன்னா எங்க நின்னு சொல்றதுன்னு நான் முடிவு பண்ணலாம்ல? ரோட்டுல எறங்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா, பதில் சொல்ற வேலை அவங்களோடது. என் மூளை என் காலோட இருக்கட்டும்.”

“ட்ரை பண்ணலாம்” என்றாள் கவிப்ரியா, முனீராவைப் பார்த்துக்கொண்டே. முனீரா, “நான் பின்னாடி வருவேன்” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் பின்னால் வந்தாள். நானா சாலை ஓரத்தில் நின்று அட்டையைத் தட்டினார். பச்சை வருவதற்கு முன்னால் கம்பத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை நெஞ்சில் வைத்து, சாலையைத் தாண்டிக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்:

“அஸ்ஸலாமு அலைக்கும், ஜாஃபரு! பாப்பாத்தி, வணக்கம்! எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

ஜாஃபர் கையிலிருந்த தேநீர் அடுப்பில் சிந்தியது. சொல்லலாமா, கூடாதா? கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாப்பாத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். “நல்லா இருக்கோம் நானா! ரோசா வாடுது, வந்து வாங்குங்க!” அதற்குப் பிறகு ஜாஃபர், அதற்குப் பிறகு யார் யாரோ. வ அலைக்குமுஸ்ஸலாம், வ அலைக்குமுஸ்ஸலாம் என்று பதில்கள் சாலையைக் கடந்து வந்தன. பச்சை விழுந்தது. நானா இறங்கினார். குதிகால், விரல்.

பாதிச் சாலை தாண்டியிருப்பார். பின்னாலிருந்து ஒரு சைக்கிள் அவரை ஒட்டி வந்தது. சாப்பாடு கொண்டுபோகிற இளைஞன், இந்தத் தெருவுக்குப் புதியவன், முனீரா கேட்டுக்கொள்ளாத ஒரே ஆள். தொப்பியைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையைச் சாய்த்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும், மாமா!”

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜாஃபர் “டேய்!” என்று அலறினான். முனீரா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானாவின் கை மேலே எழும்பியது. வலது பாதம் தாரில் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னே சாய்வதை அவர் உணர்ந்தார். அக்குளில் வார் இல்லை. கவிப்ரியா இல்லை. எதிரே நிற்கிற கார்களில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள்.

எழும்பிய கையால் தொடையில் அடித்தார். ஒரு தடவை, பலமாக. குதிகால். பாதம் பிய்த்துக்கொண்டு வந்தது. இன்னோர் அடி. இன்னொன்று. நடைபாதையில் ஏறி, ஜாஃபர் கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, அதன் பிறகுதான் திரும்பினார். சைக்கிள்காரன் எப்போதோ போய்விட்டான். அவன் போன திசையைப் பார்த்து முழுப் பதிலையும் சொல்லி முடித்தார்.

சாலையின் அந்தப் பக்கம் முனீரா நின்றிருந்தாள். பின்னால் வருவதாகச் சொன்னவள் சாலையில் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. வாயைப் பொத்திய கை அப்படியே இருந்தது. பச்சை அணைந்து, கார்கள் ஓடி, மறுபடி பச்சை விழுந்தது. நானா காத்திருந்தார். அவள் கடக்கவில்லை. வாயிலிருந்த கையை எடுத்து, “போங்க” என்பதுபோல் பள்ளிவாசல் பக்கம் வீசிக் காட்டினாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.